உடுத்தக் கிடைத்தது, உண்ணக் கிடைக்கவில்லை

என் பழைய மாணவி ஒருத்தி மேற்படிப்புக்காக ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்துக்குக் கிளம்பினாள். "அம்மா, குளிருக்கு என்னென்ன எடுத்துக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மார்கழிப் பனியைத் தாண்டிக் குளிர் அறியாதவள் நான். இருவரும் உட்கார்ந்து, விசாரித்து, ஒரு பட்டியல் போட்டோம். உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. கழுத்துக்கு மஃப்ளர். கம்பளிக் காலுறை நான்கு ஜோடி. கனமான ஒரே உடுப்பைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள் மேல். நடுவில் அடைபடும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் கதகதப்பை விட்டுவிடாது.

"ஸ்வெட்டரை மட்டும் அங்கே போய் வாங்கிக்கிறேன். ஷெட்லாண்ட் கம்பளி நல்லா இருக்குமாம்" என்றாள். ஷெட்லாண்ட் என்ற பெயரை நான் முதலில் அறிந்தது துணிக்கடையில் அல்ல, கூலி பற்றிய ஓர் அரசு விசாரணையைப் படித்தபோது.

ஷெட்லாண்ட், ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் தீவுக்கூட்டம். மரங்கள் அரிது, காற்று ஓய்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஆண்கள் மீன்பிடிக்கும் திமிங்கல வேட்டைக்கும் வணிகக் கப்பல் வேலைக்கும் போனார்கள். பலர் திரும்பவில்லை. தீவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். நிலத்தைக் கொத்துவது, மாடு பார்ப்பது, அடுப்புக்கான கரிமண்ணை வெட்டி முதுகுக்கூடையில் சுமந்து வருவது எல்லாம் அவர்கள் வேலை. கூடை முதுகில் இருக்கும்போதும் கை சும்மா இருக்காது. இடுப்பில் துளைகள் இட்ட தோல்பட்டை ஒன்றைக் கட்டி, அதில் ஊசியின் ஒரு முனையைச் செருகிக்கொண்டு நடந்தபடியே பின்னினார்கள்.

அந்தக் கைகளிலிருந்து வந்தவை சாமானியப் பொருள்கள் அல்ல. ஆட்டின் கழுத்துப் பகுதி மென்மயிரைக் கையால் பறித்து, நூற்று, வலைப்பின்னலாக அவர்கள் செய்த சால்வையை ஒரு திருமண மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம். லண்டன் சீமாட்டிகளின் தோளை அவை அலங்கரித்தன. ஒரு சால்வைக்கு மாதக்கணக்கில் உழைப்பு.

அந்த உழைப்புக்குப் பணம் கிடைக்கவில்லை. லெர்விக் நகரத்துக் கடைக்காரர் சால்வையை வாங்கிக்கொண்டு அதன் விலைக்குத் தம் கடைச் சரக்கைக் கொடுத்தார். அன்றே வேண்டாமென்றால் ஒரு சீட்டு. அதையும் அதே கடையில்தான் மாற்ற வேண்டும். என்ன சரக்கு? பருத்தித் துணி, நாடா, தைத்த உடுப்பு, தேயிலை. மாவு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. காசு கேட்டால் விலையைக் குறைப்பார்கள். கடைக்காரருக்குப் பின்னலை விற்றதில் ஒரு வரவு, துணியைத் தள்ளிவிட்டதில் இன்னொரு வரவு.

1872-இல் வில்லியம் கத்ரி என்ற ஆணையர் இதை விசாரிக்க ஷெட்லாண்டுக்கு வந்தார். மீனவ ஆண்களும் நில உரிமையாளர்களிடமும் வணிகர்களிடமும் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். அதுவும் விசாரணையில் இருந்தது. பின்னல் பெண்களும் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். கேள்வியும் பதிலுமாக எண்ணிட்டுப் பதிவான அந்த அறிக்கை, எழுத்தில் இடம்பெறாத பெண்களின் குரல் அரசு ஆவணத்தில் நேரடியாகக் கேட்கும் அபூர்வமான இடம். கூலியாக வாங்கிய தேயிலையை அக்கம்பக்கத்தில் கொடுத்து மாவாக மாற்றிக்கொண்டதை அவர்கள் சொன்னார்கள். துணியைக் கொடுத்து வாடகை கட்ட முடியாது.

நான் அதிகம் யோசித்தது வேறொன்றைப் பற்றி. இந்தப் பெண்கள் நன்றாக உடுத்தினார்கள். தகுதிக்கு மீறி உடுத்துகிறார்கள், அலங்காரப் பைத்தியம் என்று அவர்களைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. கூலியைத் துணியாகவே கொடுத்துவிட்டு, அந்தத் துணியை அவள் உடுத்தினால் அவள் குணத்தைக் குறை சொல்வது! அவள் உடுப்பு அவள் தேர்வே அல்ல. வயிற்றுக்குப் போயிருக்க வேண்டியது உடம்பின்மேல் கிடந்தது, அவ்வளவுதான்.

இது எப்படி நியாயமாகத் தோன்றியது? பின்னல் என்பது ஓய்வுநேரக் கைவேலை, அதற்கு எதற்குக் காசு என்ற எண்ணத்தால்தான். 1831-லேயே பல தொழில்களில் பண்டக்கூலியைத் தடுக்கச் சட்டம் வந்திருந்தது. வீட்டிலிருந்து பின்னுகிறவள் அதன் கண்ணில் தொழிலாளி இல்லை. 1887-இல் வந்த திருத்தச் சட்டம்தான் கம்பளிப் பின்னல் பொருள்களையும் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகும் பழக்கம் உடனே ஒழியவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1922-இல் வேல்ஸ் இளவரசர் ஃபேர் ஐல் தீவின் பலவண்ண ஸ்வெட்டரை அணிந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப் ஆட, அது உலக நாகரிகமாயிற்று. இளவரசர் ஸ்வெட்டர் அணிந்தால் ரசனை. ஷெட்லாண்ட் பெண் நாடா கட்டினால் ஆடம்பரம்.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. நம் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, மூன்றாண்டு முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்றார்கள். இடையில் நின்றவர்களில் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. அங்கே துணி, இங்கே தாலி. பெண்ணின் கூலி எதற்குச் செலவாக வேண்டும் என்பதை அவளைத் தவிர வேறு யாரோ முடிவுசெய்வது இரண்டிலும் ஒன்றுதான். மில்லுக்குப் போகும் பெண் புதுச் சுடிதார் போட்டால் வரும் ஏச்சும் ஒன்றுதான்.

பெண்ணின் கையில் காசு என்பது வெறும் வருமானம் அல்ல. மாவா துணியா, இன்றைக்கா நாளைக்கா, இந்தக் கடையா அந்தக் கடையா என்று அவளே தீர்மானிக்கும் உரிமை அது. பீரோவைத் திறந்து எதை உடுத்தலாம் என்று நாம் யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் அந்த உரிமை இருக்கிறது.

மாணவியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பட்டியலை என் கையிலிருந்து வாங்கி, ஸ்வெட்டர் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டாள்: "பின்னினவங்களுக்கு எவ்வளவு போகுதுன்னு கேட்கணும்."