சாரம் கட்டியவர்கள் கொழும்பிலும் இருந்தார்கள்

பேலியகொடைப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. கறுப்புத் திரையில் கேர்சர் மின்னிக்கொண்டிருக்கும், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்கும். "சேர், எங்க இருந்து தொடங்குற?"

இந்தக் கேள்வி பெரிய பொறியியலாளர்களுக்கும் வந்ததுதான். 2004இல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமயர் ஹான்சன் 'ரூபி ஒன் ரெயில்ஸ்' என்ற கருவியை வெளியிட்டார். அதில் ஒரு வசதிக்குப் பெயர் 'ஸ்கஃபோல்ட்', அதாவது கட்டடம் எழுப்பும்போது கட்டும் சாரம். (எங்கள் வகுப்பில் சாரம் என்றதும் வாப்பாமார் உடுக்கும் சாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு அடங்க நேரம் போனது.) ஒரு வரி அடித்தால் தொடக்கத்துக்குத் தேவையான கோப்புகள் தானாக எழுதப்பட்டுவிடும். 2012இல் 'யோமன்' வந்தது. அதன் வேலையே இப்படித் தொடக்கச் சட்டகம் உருவாக்கித் தருவதுதான். இன்று பல கணினி மொழிகளில் இந்த வசதி உண்டு.

அதே காலத்தில் கொழும்பிலும் இந்த வேலை நடந்தது. இதைத்தான் எங்கள் பிள்ளைகள் அறியாமல் இருக்கிறார்கள். 'அப்பாச்சி ஆக்சிஸ்2' என்ற திறந்த மூல மென்பொருளில் இலங்கைப் பொறியியலாளர்களின் உழைப்பு பெரியது. இணையச் சேவை ஒன்றின் விவரணத்தைக் கொடுத்தால், அதற்கான நிரலின் எலும்புக்கூட்டை அது எழுதித் தரும். சதையை நாம் வைக்க வேண்டும். அந்த விவரண மொழியை ஐபிஎம்மில் இருந்தபோது எழுதியவர்களில் ஒருவர் சஞ்சீவ வீரவரண. அவர் 2005இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம். கொழும்பு அலுவலகம் கொள்ளுப்பிட்டியில். களனிப் பாலத்தைத் தாண்டினால் நமக்குப் பஸ்ஸில் போகிற தூரம்.

அந்த நிறுவனம் 2017இல் 'பாலரினா' என்ற கணினி மொழியையே அறிவித்தது. முதலாவது முழுப் பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது, 'ஸ்வான் லேக்' பதிப்பு 2022இல். 'பால் நியூ' என்று அடித்துப் பக்கத்தில் ஒரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் மெயின் கோப்பு, திட்ட விவரக் கோப்பு எல்லாம் வந்துவிடும். 'பால் ரன்' அடித்தால் வணக்கம் சொல்லும். கட்டளை வரிச் செயலிக்கு இன்னொரு வசதியும் உண்டு. மெயின் செயற்பாட்டுக்கு நாம் வைக்கும் உள்ளீடுகளை, ஓட்டும்போது அதே வரியிலேயே கொடுக்கலாம். அதை வாசிக்கத் தனியாக நிரல் எழுதத் தேவையில்லை.

தயாரான சட்டகம் பிள்ளையைச் சோம்பேறியாக்கும் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நாங்கள் முழுதாக ஏற்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும் தலைப்புகள் அச்சிட்ட பாடக்குறிப்புத் தாள்தான் தந்தார்கள். அது இல்லாமல் முதல் கிழமை நாங்கள் ஒரு பாடமும் எழுதியிருக்க மாட்டோம். ஆனால் வந்த கோப்பைத் திறந்தே பாராமல் ஓட்டுவது தவறு, அதில் அவர்களோடு உடன்படுகிறோம்.

போன தவணை, வாப்பா மீன் சந்தையில் வேலை செய்யும் ஒரு மாணவி விலை கணக்கிடும் செயலி செய்தாள். கிலோ விலை, நிறை இரண்டையும் கொடுத்தால் தொகை வரும். 1200, 3 என்று கொடுத்தாள், 3600 வந்தது. 2.5 கிலோ கொடுத்தாள், பிழை காட்டியது. நாங்கள் வாய் திறக்கவில்லை. அவள் மெயின் கோப்பைத் திறந்து, வரி வரியாகப் பார்த்து, முழு எண் என்று இருந்த இடத்தைத் தசமம் என்று மாற்றினாள். பிறகு கேட்டாள், "சேர், மற்ற வரியெல்லாம் என்னத்துக்கு?"