இன்லைன்: ஒரு சொல், இரு இலக்கணம்

‘நாற்றம்’ நறுமணத்திலிருந்து தீயவாடைக்கு நகர்ந்ததை மொழியியல் வகுப்பில் இழிபொருட்பேறு என்று படித்தோம். அந்த நகர்வுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. சி நிரல்மொழியில் ‘இன்லைன்’ என்னும் சொல்லோ ஒரு தர ஆவணத்தால் பொருள் தலைகீழாகியது.

1989ஆம் ஆண்டின் ஆன்சி தரத்தில் அச்சொல்லே இல்லை. சி பிளஸ் பிளஸில் இருந்தது. ஜிசிசி கம்பைலர் தன் நீட்சியாக அதைச் சி மொழிக்கும் வழங்கியது. சிறிய செயற்கூற்றின் உடலை அழைக்கும் இடத்திலேயே விரித்துவிட்டால் அழைப்புச் செலவு மிச்சம். ஆனால் கம்பைலர் விரிக்க மறுக்கலாம். அதற்கு அவ்வுரிமை உண்டு. அப்போது அழைப்பதற்கென்று தனிப்படி ஒன்று வேண்டும். அதை எந்தக் கோப்பு தருவது? சி பிளஸ் பிளஸில் எல்லாக் கோப்புகளும் தரலாம், இணைப்பி ஒன்றாக்கிவிடும். சி அப்படி விடவில்லை.

ஜிசிசி வழக்கில் வெறும் ‘இன்லைன்’ தனிப்படியைத் தரும். ‘எக்ஸ்டர்ன் இன்லைன்’ தராது. 1999ஆம் ஆண்டுத் தரத்தில் வெறும் ‘இன்லைன்’ தராது. ‘எக்ஸ்டர்ன் இன்லைன்’ தரும். இரண்டுமே ‘எக்ஸ்டர்ன்’ என்பதற்குப் பொருந்தும் உரைகள்தாம் என்பதே எனக்குச் சுவையாகப்படுகிறது. ‘வேறெங்கோ இருக்கிறது’ என்று முன்னது கொண்டது. ‘வெளியாருக்கும் இங்கிருந்தே’ என்று பின்னது கொண்டது. உரையாசிரியர் இருவர் ஒரே நூற்பாவைப் பிரித்துப் பொருள் கொண்டதுபோல.

2008இல் ஜிசிசி 4.3, 1999 தரத்தைக் கேட்டுப் பெறுவோருக்கு மட்டும் புதிய பொருளை அளித்தது. 2015இல் ஜிசிசி 5 இயல்பு வழக்கையே 2011 தரத்துக்கு மாற்றியபோது, கேளாதவர்க்கும் அது வந்து சேர்ந்தது.

என் ஆய்வுக்குத் தேவைப்பட்ட பழைய சொல்லடைவு நிரலொன்று இதில் சிக்கியது. வேக மேம்பாட்டுடன் கம்பைல் செய்தால் ஓடியது. மேம்பாட்டை நிறுத்தினால் செயற்கூறு ஒன்றைக் காணவில்லை என்று இணைப்பி நின்றது. மூலத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. பிழை தேடி இரண்டு நாள் கழிந்தது. ‘ஸ்டாட்டிக் இன்லைன்’ என்று எழுதியிருந்தால் இரு வழக்கிலும் ஒரே பொருள். கோப்புக்கொரு படி பெருகக்கூடும், அவ்வளவே. லினக்ஸ் கருநிரல் பழைய பொருளையே வேண்டுமென்று தனிக் குறிப்பால் கட்டிவைத்திருக்கிறது.

நான் மூலத்தைத் திருத்தவில்லை. பழைய வழக்கில் படிக்குமாறு கம்பைலருக்கு ஒரு கட்டளை தந்து, கோப்பின் தலையில் அது எந்த வழக்குக்கு உரியது என்று ஒரு வரி எழுதினேன். எழுதியவர் விட்டுப்போன ஒரே செய்தி அதுதான்.