மாரடைப்பில் இ.சி.ஜி. மாற்றங்கள்

மாரடைப்பின்போது இதயத் தசையின் ஒரு பகுதிக்குக் குருதி செல்வது தடைபட்டு அதன் மின்செயல் திரிவதால், இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைபடத்தில் எஸ்.டி. பகுதியின் உயர்வோ தாழ்வோ டி அலையின் மாற்றமோ பதிவாகிறது. கீழறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அலைத்தொகுதிக்கும் அவை மீள்வதைக் காட்டும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடே எஸ்.டி. பகுதி; மாரடைப்பில் அது உயர்வதை நியூயார்க் மருத்துவர் ஹெரால்ட் பார்டி 1920இல் விவரித்தார்.

தமனி முழுதும் அடைபட்டதும் டி அலை அகன்று உயர்வதும், பின் எஸ்.டி. மேலெழுவதும், தசை மடிகையில் ஆழமான கியூ அலை தோன்றுவதும், இறுதியில் டி அலை தலைகீழாவதும் வழக்கமான வரிசை. லீடு எனப்படும் மின்பதிவுத் தடங்களுள் இதயத்தின் ஒரே பக்கத்தைக் காட்டும் இரண்டில் 1 மி.மீ. உயர்வே ஐயத்துக்குப் போதும் எனினும், வி2, வி3 லீடுகளில் நலமானவர்களுக்கும் சற்று உயர்வு இருப்பதால், அங்கே 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு 2 மி.மீ., பெண்களுக்கு 1.5 மி.மீ. என அளவு கூட்டப்பட்டுள்ளது. வி1 முதல் வி4 வரை உயர்ந்தால் இடது முன் இறங்கு தமனியும், 2, 3, ஏ.வி.எஃப். லீடுகளில் உயர்ந்தால் பெரும்பாலும் வலது கரோனரித் தமனியும் அடைபட்டிருக்கும். பின்னதில் வலது மார்பிலும் லீடு வைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. ஏனெனில், வலது கீழறை பாதிக்கப்பட்டிருந்தால், நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடக்கூடும்.

முதல் வரைபடம் இயல்பாக இருப்பது மாரடைப்பின்மைக்குச் சான்றாகாது; வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

இந்தியாவில் இ.சி.ஜி.யைப் படிக்கும் திறனைவிட அது படிக்கப்படும் நேரமே பெரிய சிக்கல். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2008இல் லான்செட் இதழில் வெளியான கிரியேட் ஆய்வில், 89 மையங்களின் 20,937 நோயாளிகளுள் திடீர் கரோனரி நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு எஸ்.டி. உயர்ந்த மாரடைப்பு இருந்தது. அறிகுறி தொடங்கி மருத்துவமனை சேர எடுத்த இடைநிலை நேரமோ 360 நிமிடம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் மூன்று மணி நேரத்தில்தான் மிகுந்த பயன் தருகிறது. 2021இல் 46ஆம் வயதில் மறைந்த நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயரில் கர்நாடக அரசு 2023இல் தொடங்கிய ஹ்ருதய ஜோதி திட்டத்தில், தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி. பெங்களூரு ஜெயதேவா போன்ற மைய மருத்துவமனைக்கு அனுப்பிப் படிக்கப்பட்டு, தேவைப்படுவோருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசி தாலுகா மருத்துவமனையிலேயே கட்டணமின்றிப் போடப்படுகிறது.

எஸ்.டி. தாழ்வு மட்டும் உள்ளவர்களுக்கு இந்த ஊசி பொதுவாகப் பயன்தராது, தீங்கும் செய்யலாம். ஆயினும் வி1 முதல் வி3 வரை காணும் தாழ்வு இதயப் பின்சுவர் அடைப்பின் எதிர்ப்பதிவாக இருக்கக்கூடுமாதலால், முதுகுப்புறம் வி7 முதல் வி9 வரை லீடு வைத்துப் பார்த்த பின்னரே அம்மருந்து வேண்டாமென முடிவெடுக்க வேண்டும்.