ஐம்பது வயதில் ஓர் ஆயத்தம்: சைக்கிளில் இந்தியாவைக் கடந்த வொர்க்மன் தம்பதியர்

நெடும்பயணம் என்று தலைப்புக் கொடுத்தால் நம்ம மாணவர்கள் மார்க்கோ போலோ, இபின் பதூதா, செங் ஹோ என்று எழுதுவார்கள். கப்பல் வரும், ஒட்டகம் வரும், சைக்கிள் வராது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைக்கிள்தான் சாதாரண மனிதரையும் பயணியாக்கிய வாகனம். அதை வைத்துக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் செய்த பயணத்தை இங்கே பார்ப்போம். படிவம் 4, 5 மாணவர்கள் ‘காரணம் – விளைவு’ கேள்விக்கும் ‘சான்றுகளை மதிப்பிடுக’ கேள்விக்கும் இதை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

யார் இவர்கள்?

வில்லியம் ஹண்டர் வொர்க்மன் 1847இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், மருத்துவர். மனைவி ஃபேனி புல்லக் 1859இல் பிறந்தவர். அவருடைய தந்தை அதே மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். 1882இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1889இல் வில்லியம் உடல்நலம் சரியில்லை என்று மருத்துவத் தொழிலை விட்டார். அப்போது அவருக்கு 42 வயதுதான். குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபோனது. 1893இல் அவர்களுடைய சின்ன மகன் நோயில் இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் அவர்களின் பயணங்கள் ஐரோப்பாவைத் தாண்டி நீண்டன. மகள் பிறர் பராமரிப்பில் வளர்ந்தாள்.

ஏன் சைக்கிள்?

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, தொழில்நுட்பம். 1885இல் இங்கிலாந்தில் வந்த ரோவர் சைக்கிளுக்கு இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. சங்கிலி பின்சக்கரத்தைச் சுற்றும். முன்பு இருந்த உயரமான ஒற்றைப் பெருஞ்சக்கர வண்டியில் விழுந்தால் கழுத்தே போய்விடும். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். நடுத்தர வயதுக்காரரும் பெண்களும் தைரியமாக ஏறினார்கள்.

இரண்டாவது, முன்மாதிரி. 1884இல் ஜோசப் பென்னல், எலிசபெத் பென்னல் என்ற தம்பதியர் இருவர் சேர்ந்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் லண்டனிலிருந்து கேன்டர்பரிக்குப் போய், மறு ஆண்டே அதை நூலாக்கினார்கள். வொர்க்மன் தம்பதியர் ஆளுக்கொரு வண்டி ஓட்டினார்கள். இருவர் வண்டியில் ஒருவர் களைத்தால் மற்றவர் இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்த ஒரு வண்டி உடைந்தால் இரண்டு பேருமே நடக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, பணம். இருவருக்கும் பெற்றோர் சொத்து கிடைத்திருந்தது. மன உறுதியால் மட்டும் இப்பயணம் நடந்தது என்று எழுதினால் பாதி உண்மைதான்.

ஆயத்தம்

இவர்களின் ஆயத்தம் ஒரே நாளில் நடந்ததில்லை. முதலில் ஐரோப்பிய நாடுகளில் ஓட்டிப் பழகினார்கள். பிறகு அல்ஜீரியா, அந்த நூல் 1895இல் வந்தது. அடுத்து ஸ்பெயின், அதைப் பற்றிய நூல் 1897இல் வந்தது. ஸ்பெயினில் ஒரு நாளைக்கு 45 முதல் 80 மைல் வரை, மொத்தம் 2,800 மைல் ஓட்டியிருக்கிறார்கள். சிறியதில் தொடங்கிப் பெரியதுக்குப் போகிற இந்தப் படிமுறையை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1897 நவம்பரில் இந்தியப் பயணம் தொடங்கியபோது அவருக்கு 50 வயது, ஃபேனிக்கு 38. எடுத்துச் சென்றவை தேயிலை, சீனி, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின் இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு போர்வை, எழுதுபொருள், மருந்து, டயர் ஒட்டும் சாமான்கள். அவ்வளவுதான். மற்றவற்றுக்கு ரயில் பாதையை ஒட்டியே போகப் பார்த்தார்கள். சைக்கிள் பயணம் என்றாலும் அதைத் தாங்கியது காலனித்துவ அரசு போட்ட ரயிலும் சாலையும்தான்.

இன்னோர் ஆயத்தம் புத்தகத்தில் நடந்தது. இராமாயணம், மகாபாரதம், ஜாதகக் கதைகள் பற்றி அக்கால மேற்கத்தியருக்கு அரிதான அறிவு அவர்களுக்கு இருந்தது.

வழியில்

தென்முனையிலிருந்து இமயம் வரை ஓட்டினார்கள். ஒரே நாளில் 40 பஞ்சர் வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். கொசு, எலி ஓடும் தங்குமிடம், சில நாள் சோறு தண்ணீர்கூட இல்லை. 1898 கோடையில் வெயில் தாங்காமல் சைக்கிளை விட்டுவிட்டு மலைப்பக்கம் போனார்கள். அங்கே மலையேற்றம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. 1906இல் 47 வயது ஃபேனி ஏறக்குறைய 6,930 மீட்டர் உயரமுள்ள பினக்கிள் சிகரத்தில் ஏறினார். 1904இல் வந்த அவர்களின் இந்திய நூலின் துணைத் தலைப்பே 14,000 மைல் என்கிறது. அதாவது சுமார் 22,500 கிலோமீட்டர்.

எப்படி மதிப்பிடுவது?

பாராட்ட வேண்டியது நிறைய. உடல்நலக் குறைவால் வேலையை விட்ட மனிதர் 90 வயது வரை வாழ்ந்து 1937இல் இறந்தார். ஃபேனி 1912இல் சியாச்சின் பனிப்பரப்பில் ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்ற செய்தித்தாளைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். 1925இல் இறந்தபோது பெண்கள் படிக்கும் கல்லூரிகளுக்குப் பெருந்தொகை விட்டுச் சென்றார்.

ஆனால் மறுபக்கமும் எழுத வேண்டும். பழங்கால இந்தியாவைப் படித்துத் தேர்ந்து வந்தவர்கள், எதிரே நின்ற மனிதர்களைவிடக் கோயில் கல்லையும் சிற்பத்தையுமே அதிகம் பார்த்தார்கள். மலைப்பயணங்களில் சுமைகூலிகளோடு ஓயாத சண்டை. குறை முழுக்க அந்தக் கூலிகள்மேல்தான் என்பதுபோல் எழுதினார்கள். மூட்டை தூக்கியவர் எழுதிய நூல் நம் கையில் இல்லை. ஆகவே பயண நூல் ஒரு சான்றுதான். அது ஒரு பக்கத்துச் சான்று. தோட்டப்புறத்தைப் பற்றித் துரைமார்கள் எழுதி வைத்ததை வாசிக்கும்போதும் இதே கேள்வியை நம்ம பிள்ளைங்க கேட்கப் பழக வேண்டும்: இதை எழுதியது யார், இதில் பேசாதவர் யார்?

வகுப்பில் கலந்துரையாட:

1. வொர்க்மன் தம்பதியரின் பயணத்திற்குத் தொழில்நுட்பம், பணம், குடும்பச் சூழல் ஆகியவற்றில் எது முக்கியக் காரணம்? உங்கள் முடிவை நியாயப்படுத்துக.
2. ரயிலும் சாலையும் இல்லாதிருந்தால் இப்பயணம் எப்படி மாறியிருக்கும்?
3. ஒரு சுமைகூலியின் பார்வையில் இதே பயணத்தை ஒரு பத்தியில் எழுதுக. எவை சான்றுள்ளவை, எவை உங்கள் ஊகம் என்பதைக் கோடிட்டுக் காட்டுக.