அப்புத்தளை இடியும் ஈயக் குண்டின் கணக்கும்

என் எழுதுமேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஓர் இரும்புக் குறடு வைத்திருக்கிறேன். பாக்குவெட்டி போலிருக்கும். விரித்தால் உள்ளே ஒரு சிறு குழி தெரியும். அது ஈயக் குண்டு வார்க்கும் அச்சு. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிற்சாலை வேலை பார்த்த என் தாத்தாவிடமிருந்து எனக்கு வந்தது. பத்திரிகை வேலையில் முப்பது ஆண்டுகள் எத்தனையோ பேருடைய கதைகளை எழுதிவிட்டேன். இந்தக் குறட்டின் கதையை மட்டும் ஏனோ தள்ளிப்போட்டே வந்தேன்.

அப்புத்தளையையும் துவக்கையும் ஒருசேர நினைத்தால் வரலாறு தெரிந்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருபவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் என்று, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் தம்முடைய 1859ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்திருக்கிறார். கப்டன் கால்வே என்பவர் அதில் பாதிக்கு மேல் சுட்டார். வீதிகள் ஆணையாளர் மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அதே அளவு. அன்றைய அரசு யானைத் தலைக்குச் சில ஷில்லிங் சன்மானமும் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்கிறது டெனன்றின் கணக்கு.

1845 யூன் 7ஆம் நாள் அப்புத்தளைத் தங்குவிடுதியில் ரொஜர்ஸ் தங்கியிருந்தார். புயல்மழை ஓய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தாழ்வாரத்துக்கு வந்தவரை இடி தாக்கியது. அவ்விடத்திலேயே உயிர் பிரிந்தது. நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் அவரது கல்லறை இருக்கிறது. யானைகளின் சாபம் என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள். சாபத்தை நம்புகிறவனல்லன் நான். அவருடைய துவக்கிலிருந்து புறப்பட்ட குண்டுகளைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

அக்காலத்தில் குண்டு கடையில் பெட்டியாக விற்கப்பட்டதில்லை. பெரும்பாலும் வேட்டைக்காரனோ அவனது ஆளோ அடுப்பில் ஈயம் உருக்கி வார்த்துக்கொள்ள வேண்டும். 'பன்னிரண்டு போர்' என்று இன்றும் நாம் சொல்லும் அளவுகூட இந்த வார்ப்பிலிருந்து பிறந்ததே. ஒரு இறாத்தல் காரீயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒன்று சரியாகப் பொருந்தும் குழலே பன்னிரண்டு போர். பத்து உருண்டையானால் பத்துப் போர். எண் குறையக் குறையக் குண்டு பெருக்கும்.

காரீயம் மிக மென்மையானது. 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். வார்க்க எளிது, ஆனால் யானையின் மண்டையோடு தேன்கூடுபோல் அறையறையாகக் கனத்த எலும்பாலானது. மென்குண்டு அதில் பட்டால் நசுங்கி நின்றுவிடும், மூளையைத் தொடாது. ஆகவே ஈயத்தைக் கடினமாக்கும் வித்தையைத் தேடினார்கள். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இலங்கை வேட்டையைப் பற்றி 1854இல் நூல் எழுதியவர். பிற்பாடு ஆபிரிக்காவில் அவர் கையாண்ட கலவை, பத்தில் ஒரு பங்கு பாதரசம். அதைப் பெரிய பானையில் கலக்கக் கூடாது. 357 பாகையில் பாதரசம் ஆவியாகிவிடும். மூன்று நான்கு குண்டுக்குப் போதுமான ஈயத்தை அகப்பையில் எடுத்து, பாதரசம் விட்டுக் கிளறி, உடனே அச்சில் ஊற்ற வேண்டும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் யார் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

தாத்தாவின் காலம் இதற்கு வெகு பின்னால், 1930களில். அவருடைய துரையிடம் ஒரு பழைய வின்செஸ்டர் துவக்கு இருந்தது; 1873ஆம் ஆண்டு மாதிரி. கைப்பிடியை முன்தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு மற்றொன்றின் அடியில் முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் அதிர்ச்சியில் முன்னுள்ள தோட்டாவின் தீக்குமிழ் வெடித்துவிடக்கூடும். அதனால்தான் என் மேசையிலுள்ள அச்சின் குழி தட்டை மூக்குடன் வெட்டப்பட்டிருக்கிறது. 200 கிரெயின், அதாவது ஏறக்குறைய 13 கிராம் குண்டு.

ஈயம் எங்கிருந்து வந்தது? தேயிலைப் பெட்டியிலிருந்து! ஈரம் புகாதிருக்க அந்நாளில் பெட்டிகளின் உட்புறம் மெல்லிய ஈயத்தகடு பரப்பி, மூலைகளைப் பற்றவைத்து மூடுவார்கள். தாத்தாவின் வேலை அந்தப் பற்றவைப்புத்தான். வெட்டித்தள்ளிய துண்டுகளில் பற்றாசின் வெள்ளீயமும் கலந்திருந்தது. வெள்ளீயம் சேர்ந்தால் காரீயம் அச்சில் நன்றாகப் பரவும், சற்றுக் கடினமும் ஆகும். குண்டு மென்மையாக இருந்தால் குழலின் புரிகளில் ஈயம் அப்பிக்கொள்ளும். பிறகு எத்தனை தேர்ந்த கையானாலும் குறி தவறும்.

"அச்சு சூடேறட்டும் தம்பி, அவசரப்பட்டா குண்டு சுருங்கிப் போயிரும்" என்பார் தாத்தா, அடுப்படியில் உட்கார்ந்து பழங்கதை சொல்கையில். முதல் பத்துக் குண்டுகளை மறுபடியும் அகப்பையில் போட்டுவிடுவாராம். பிறகு ஒவ்வொன்றையும் தராசில் நிறுப்பார். எடை குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட குண்டு சுழலும்போது ஒரு பக்கம் இழுக்கும். நல்லவற்றின் பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் தடவுவார். ஞாயிற்றுக்கிழமை துரை பன்றி சுட்டு வந்தால், "நல்ல குறி" என்று பங்களாவில் பாராட்டு நடக்கும். குறிக்குப் பின்னால் ஒரு தராசு இருந்ததை யார் கண்டார்கள்?

தாத்தாவுக்கு அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறார். பல் ஈறுகளின் ஓரத்தில் கருநீலக் கோடு ஒன்று ஓடியதாம். வெற்றிலைக் கறை என்றே லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள். பல்லாண்டுகள் கழித்து, தொழில்நோய்களைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது நடுங்கிப்போனேன். ஈறில் நீலக் கோடும் வயிற்றுச் சுருட்டலும் ஈய நஞ்சின் பழைய அடையாளங்கள்! பகலில் பெட்டியறையில் பற்றவைப்பு, இரவில் அடுப்படியில் வார்ப்பு. தாத்தாவின் உடம்பில் எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று நிறுத்துப் பார்க்க ஒரு தராசும் இருக்கவில்லை.

பதுளையில் புனித மாற்கு தேவாலயத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ரொஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டு 1857இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அவரைப் பற்றிய நல்ல சொற்களும் வரலாற்றில் உண்டு. ஊவாவில் வீதிகள் அமைத்தவர், மக்களால் விரும்பப்பட்டவர். அதை மறுக்க நான் எழுதவில்லை. ஆனால் எண்ணிக்கை என்பது எதை எண்ணத் தகுந்தது என்று ஒருவர் முடிவு செய்த பிறகே தொடங்குகிறது. அதே காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுக்குள் நடந்து, கோப்பித் தோட்டங்களை எட்டாமலே வழியில் மாண்டவர்களுக்கு முழுக் கணக்கு இல்லை. யானைத் தலைக்குக் கணக்கு இருந்தது, ஏனென்றால் அதற்குப் பணம் கொடுக்கப்பட்டது.

1937இல் வன உயிர்களைக் காக்கச் சட்டம் வந்தது. அப்புத்தளை முகட்டிலிருந்து தெற்கே பார்த்தால் தெரியும் சமவெளியில் யானைகள் இன்னும் இருக்கின்றன. ஆண்டுதோறும் நாட்டில் நூற்றுக்கணக்கானவை துவக்குக் குண்டாலும், தீனிக்குள் மறைத்த வெடியாலும், மின்கம்பியாலும் சாகின்றன; மனிதர்களும் சாகிறார்கள். இன்று சுடுகிறவன் துரையல்லன், விளைச்சலை இழந்த விவசாயி.

குறட்டை எடுத்து விரித்துப் பார்க்கிறேன். குழியின் விளிம்பில் இன்னும் மெல்லிய சாம்பல்நிற ஈயம் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவின் உழைப்புக்கு எஞ்சிய ஒரே ஆவணம் அது.