வீரயுகம் என்ற சொல் எங்களிடம் வந்த வழி

உயர்தரத்துக்குக் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்தவர்களுக்கு ஹோமரைத் தெரியும். கூடவே தமிழும் எடுத்திருந்தால் புறநானூற்றையும் தெரியும். ஒரு கொப்பியில் அக்கிலீஸ், மற்றக் கொப்பியில் அதியமான். இரண்டும் இரண்டு உலகம் எண்டுதான் படித்து முடிக்கிறோம். ஆனால் இந்த இரண்டு கொப்பிகளும் ஏற்கெனவே ஒரே மேசையில் சந்தித்திருக்கின்றன. சந்திக்க வைத்தவர் பேராசிரியர் க. கைலாசபதி, இடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம். அங்கே அவர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்பது அதன் தலைப்பின் பொருள். சங்க காலத்தை 'வீரயுகம்' என்று நாங்கள் இன்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்வதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சொல் ஹோமரை வாசித்தவர்களிடமிருந்து வந்தது. ஆகவே அவர்களிடம் முதலில் போகவேணும்.

ஹோமரை ஒவ்வொரு காலமும் தன் தேவைக்கு வாசித்திருக்கிறது. அலெக்ஸாண்டர் இலியட்டைக் குத்துவாளோடு சேர்த்துத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தான் என்று புளூட்டாக் எழுதுகிறார். அவனுக்கு அது போர்க்கலைப் புத்தகம். அதற்கு முன்பே பிளேட்டோ, தன் இலட்சிய நகரத்தில் இப்படியான கவிஞர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். அலெக்ஸாந்திரியா நூலகத்து அறிஞர்கள் எந்த வரி உண்மை, எந்த வரி இடைச்செருகல் என்று அடையாளமிட்டுக்கொண்டிருந்தார்கள். (எங்கட உரையாசிரியர்களும் பதிப்பாசிரியர்களும் பட்ட பாடு ஞாபகம் வருகிறதா?)

1795இல் ஜேர்மன் அறிஞர் ஃபிரீட்ரிஹ் வொல்ஃப் ஒரு குண்டைப் போட்டார்: ஹோமரின் காவியங்கள் எழுத்தில் பிறந்தவையே அல்ல, வாய்மொழியாகப் பாடப்பட்டுப் பின்னர் தொகுக்கப்பட்டவை. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு ஹோமரா பல ஹோமர்களா என்ற சண்டை. அதைத் திசைதிருப்பியவர் மில்மன் பரி என்ற அமெரிக்கர். அவர் எடுத்த கேள்வி கேட்பதற்குச் சின்னது. அக்கிலீஸ் சும்மா குந்திக்கொண்டிருக்கிற இடத்திலும் கவிஞர் ஏன் அவனை விரைந்த காலுடையவன் என்கிறார்? பரியின் பதில்: பாடகர் அடை மொழியை அந்த இடத்தின் பொருளுக்காக மட்டும் தேர்வதில்லை, யாப்பில் எஞ்சியிருக்கும் இடத்துக்கும் பார்த்துத்தான் எடுக்கிறார். மேடையில் நின்று, எழுத்தின் துணையில்லாமல், அந்தந்தக் கணத்தில் பாட்டைக் கட்டுகிறவருக்கு ஆயத்தமான தொடர்கள் வேணும். இதைச் சோதிக்க 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், உயிரோடு இருந்த கதைப்பாடகர்களையே ஒலிப்பதிவு செய்தார். அவர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 12,000 வரிகளுக்கும் மேலான ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். பரி 33 வயதில் இறந்தபிறகு அவரது மாணவர் அல்பேட் லோட் 1960இல் இந்த ஆய்வைப் புத்தகமாக்கினார்.

கைலாசபதி பேர்மிங்ஹாம் போனது இந்தச் சூடு ஆறாத காலத்தில். அவருடைய மேற்பார்வையாளர் ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க இலக்கிய அறிஞர், மார்க்சியவாதி. எங்களுக்குத் தொம்சனைப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவர் 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குப் போய், அங்கிருந்த மீனவக் குடும்பங்களோடு பழகி ஐரிஷ் மொழி படித்தவர். அந்த மனிதர்களின் சாதாரணப் பேச்சே கவிதைபோல இருந்ததைக் கேட்டபிறகுதான் ஹோமர் தனக்கு விளங்கினார் என்பது அவர் கருத்து. அப்படிப்பட்ட ஒருவரிடம், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் படித்து, தினகரனில் ஆசிரியராக இருந்த ஒரு தமிழர், பாணரையும் பொருநரையும் கொண்டுபோய் வைத்தார்.

அவர் செய்தது என்ன? முரசு முழங்கும் படை, மூவேந்தர், கள், யானை, பரிசில் என்று சங்கப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் காட்சிகளையும் தொகுத்து, இது வாய்மொழிப் பாடகரின் வேலைமுறை என்று காட்டினார். கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் பாடகர்களோடு எங்கள் பாணரை ஒப்பிட்டார். அதைவிட முக்கியமாக, சங்க காலத்தைப் 'பொற்காலம்' என்ற பீடத்திலிருந்து இறக்கினார். வீரயுகம் என்பது அவரிடம் புகழ்ச்சிச் சொல் அல்ல. குலக்குழுக்கள் உடைந்து அரசுகள் உருவாகும்போது, மாடு கவர்ந்து, ஊர் எரித்து, கொள்ளையைப் பங்கிட்டுத் தலைவர்கள் எழும் ஒரு சமூகக் கட்டம். கிரேக்கரிடமும் இருந்தது, ஜேர்மானியரிடமும் இருந்தது. தமிழருக்கு மட்டும் உரிய மகிமை ஒன்றும் அதில் இல்லை.

எதிர்ப்பும் வந்தது. 1975இல் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஹார்ட், சங்கப் பாட்டுகள் வாய்மொழிப் பாட்டுகளே அல்ல, பாணர் மரபைப் பார்த்துக் கற்றறிந்த புலவர்கள் ஆக்கியவை என்று வாதிட்டார். உண்மையாச் சொன்னால் இந்த இடத்தில் ஹார்ட் பக்கம் பலம் இருப்பதாகவே எங்களுக்குப் படுகிறது. இலியட் பதினையாயிரம் வரிக்கு மேல் ஓடும் ஒரே கதை. புறநானூறு 400 தனித்தனிப் பாட்டு. பல பத்து வரிக்குள் முடிந்துவிடும். ஒரு இரவு முழுக்கப் பாடவேண்டியவருக்கு ஆயத்தத் தொடர் தேவை. எட்டு வரிக்கு அவ்வளவு தேவையா? ஆனாலும் பாட்டைப் பாடியவர் யார், அவருக்குச் சோறு போட்டது யார், அந்தச் சோறு எந்த ஊரை எரித்து வந்தது என்ற கைலாசபதியின் கேள்விகளை ஹார்ட்டின் பதில் தொடவில்லை.

இந்த நாட்டில் அந்தக் கேள்விகள்தான் முதலில் காணாமல் போயின. 'யுகம்' கழன்று விழுந்து 'வீரம்' மட்டும் மிஞ்சியது. கைலாசபதி 1982 டிசம்பரில், 49 வயதில் இறந்தார். அடுத்த யூலை எப்படியிருந்தது என்று வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிந்திய கால் நூற்றாண்டில் மேடைகளிலும் போர்க்கால எழுத்துகளிலும் புறநானூற்றுத் தாய் ஓயாமல் வந்துபோனாள். தமிழ்நாட்டுத் திராவிட இயக்க மேடைகள் அவளை ஏற்கெனவே தயார்படுத்தி வைத்திருந்தன. ஒரே மகனையும் தலைவாரிப் போருக்கு அனுப்பிய 279ஆம் பாட்டுத் தாய். மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டு, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்த்து, துண்டாய்க் கிடந்த அவனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்த 278ஆம் பாட்டுத் தாய். அலெக்ஸாண்டரின் தலையணைக்குக் கீழே இருந்த புத்தகம் மாதிரித்தான் இதுவும்.

ஆனால் இலியட்டுக்கு வேறொரு வாசிப்பும் இருக்கிறது. பிரான்ஸ் வீழ்ந்த 1940இல் சிமோன் வெய்ல் ஒரு கட்டுரை எழுதினார். இலியட்டின் உண்மையான நாயகன் எந்த வீரனும் இல்லை, மனிதரைப் பொருளாக்கிவிடும் வன்வலுதான் என்பது அவர் வாதம். அந்தக் கண்ணோடு பார்த்தால் காவியத்தின் முடிவே வேறாகத் தெரிகிறது. துரோய் இன்னும் விழவில்லை; மரக்குதிரை வரவில்லை. கிழவன் பிரையம், தன் மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்கு இரவில் போய், அவன் கைகளை முத்தமிட்டு, ஹெக்டரின் உடலைக் கேட்கிறான். அக்கிலீஸ் உடலைக் கொடுக்கிறான். அழுது அடக்கம் செய்ய எத்தனை நாள் வேணும் என்றும் கேட்டு, அத்தனை நாளும் சண்டையை நிறுத்துகிறான். அடக்கத்தோடு கதை முடிகிறது.

இதை வைத்துக்கொண்டு 278க்குத் திரும்பிப் போனோம். அங்கேயும் பெற்றவர் ஒருவர் பிள்ளையின் உடலைத் தேடுகிறார். பாட்டைத் தொகுத்தவர்கள் அதன் அடியில் துறை குறித்திருக்கிறார்கள்: உவகைக் கலுழ்ச்சி. கலுழ்தல் என்றால் அழுதல். எங்களுக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாசகர்களில் சிலர், அந்தத் தாயின் மகிழ்ச்சிக்கு உள்ளே அழுகையைக் கேட்டிருக்கிறார்கள். மேடைகளில் உவகை மட்டும்தான் வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் படங்களோடு குந்திய அம்மாமாருக்குப் பிரையமுக்குக் கிடைத்தது கிடைக்கவில்லை. புரட்டிப் பார்க்க ஒரு களமும் இல்லை. புறநானூற்றில் அவர்களுக்கு எந்தத் துறை பொருந்தும் என்று தேடிப் பார்த்தோம். கையறுநிலை இருக்கிறது, ஆனால் அது இறந்தவனுக்குப் பாடுவது, இறந்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தபிறகு.