மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லையா? பாடநூலை வேறு மாதிரி படித்துப் பாருங்கள்

நாளை மறுநாள் தேர்வு. நூலகத்தில் எப்படியோ ஓர் இடம் கிடைத்துவிட்டது. கையில் மஞ்சள் ஹைலைட்டர். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பக்கம் முழுக்க மஞ்சள். "இவ்வளவு நேரம் என்ன படிச்சே?" என்று பக்கத்தில் இருக்கும் நண்பர் கேட்டால் வாயில் ஒரு வரி வரவில்லை.

பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் முதலாண்டில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. "எனக்கு இந்தப் பாடம் செட் ஆகாது" என்று முடிவுகட்டி, பாடத்தையே மாற்ற நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சிக்கல் உங்கள் மூளையில் இல்லாமல், படிக்கும் முறையில் இருக்கலாம்.

பள்ளியில் கைகொடுத்தது இங்கே ஏன் எடுபடவில்லை?

பள்ளியில் ஆசிரியரே பாடத்தைச் சுருக்கிக் குறிப்பாகக் கொடுத்துவிடுவார். டென் இயர் சீரிஸ் வேறு இருந்தது. பழைய கேள்விகளைப் போட்டுப் போட்டே பாதிப் பாடம் பதிந்துவிடும். கல்லூரியில் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்து, "படிச்சிட்டு டியூட்டோரியலுக்கு வாங்க" என்பதோடு சரி. எது முக்கியம் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுபடி மறுபடி படித்தால் போதாதா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சூரியன், கடல்நீர்நாய் பற்றிய இரண்டு சிறு பகுதிகள் தரப்பட்டன. ஒன்றை இரண்டாம் முறை படித்தார்கள். மற்றதை மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்ததில் 81 விழுக்காடு நினைவில் இருந்தது. மூடிவைத்து எழுதியதில் 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை தலைகீழ்: 42க்கு எதிராக 56.

மறுபடி படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். தேக்காவில் எதிரே வருபவரின் முகம் நன்றாகத் தெரியும், பெயர்தான் வராது, அந்தக் கதைதான். தேர்வு கேட்பதோ பெயரை!

2013இல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். ஹைலைட் செய்வதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பலன் தரும் பட்டியலில் இடம்பெற்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் அதிகப் பலன் தருபவை.

சரி, அத்தியாயத்தை எப்படித் தொடங்குவது?

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1940களில் சொன்ன எஸ்கியூ3ஆர் முறை இன்றும் பயன்படுகிறது. மேலோட்டமாகப் பார், கேள்வி கேள், படி, சொல்லிப் பார், மீண்டும் பார். ஐந்தையும் சடங்குபோல் செய்ய வேண்டியதில்லை. கேள்வி கேட்பதையும் சொல்லிப் பார்ப்பதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பொருளியல் புத்தகத்தில் 'தேவையின் விலை நெகிழ்ச்சி' என்ற அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே உள்ள சுருக்கத்தையும் பயிற்சிக் கேள்விகளையும் பாருங்கள். படத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு படம் பார்ப்பதுபோல் இருக்கும். பாடநூலுக்கு அது தப்பில்லை.

பிறகு தலைப்பைக் கேள்வியாக்குங்கள்: "விலை ஏறினால் ஜனங்க வாங்குறது எவ்வளவு குறையும்?" அதற்குப் பதில் தேடிக்கொண்டே ஒரு பகுதியை மட்டும் படியுங்கள். 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' போன்ற சொற்கள் வரும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். வாதம் திரும்புவது அங்கேதான்.

இப்போது புத்தகத்தை மூடுங்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள், வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல: "உப்பு விலை ஏறினாலும் வாங்கித்தான் ஆகணும், அதனால அளவு அவ்வளவா குறையாது. ஒரு கடையில பபள் டீ விலை ஏறினா, பக்கத்துக் கடைக்குப் போயிடுவோம்."

இருமொழி தெரிந்த உங்களுக்கு இது பெரிய வசதி. புத்தகத்தின் ஆங்கில வரியை அப்படியே ஒப்பிக்க முடியாது என்பதால், புரியாமல் தமிழில் சொல்லவே முடியாது. எந்த இடத்தில் திக்குகிறீர்களோ அந்தப் பத்திக்கு மட்டும் திரும்பிப் போங்கள். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் கடைசியில் அதையே இரண்டு ஆங்கில வரிகளில் எழுதிவைப்பது நல்லது.

வரைபடம் வந்தால் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டாம். மூடிவைத்துக் கையால் வரையுங்கள். கணக்குப் பாடம் என்றால் புத்தகத்தில் உள்ள தீர்வைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்போ ஹைலைட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். பகுதியை முழுதாகப் படித்து, சொல்லிப் பார்த்த பிறகு எடுங்கள். பத்திக்கு ஒரு வரி போதும்.

இதெல்லாம் நேரம் பிடிக்கும் என்பது உண்மை. தொடக்கத்தில் எரிச்சலும் வரும், ஏனென்றால் எவ்வளவு தெரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் அதே பக்கங்களை நான்காம் முறை புரட்டும் இரவுகள் குறையும். எழுதிவைத்த கேள்விகளுக்கு இரண்டு நாள் கழித்துப் பத்து நிமிடம், அடுத்த வாரம் இன்னொரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அப்படியும் புரியாதது இருக்கும். விரிவுரையாளரிடம் போய் "ஒண்ணுமே புரியல" என்றால் அவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். "தேவைக் கோடு நேராத்தானே இருக்கு, அப்புறம் மேலே ஒரு நெகிழ்ச்சி, கீழே வேற நெகிழ்ச்சி எப்படி வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.